தெற்குப் பக்கத்து மரம்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேவிஸ் வீட்டின் மேற்குச் சுவரில் கை வைத்தால் சுடும். ஆறு மணிக்கும் சுடும். செங்கல் சுவர் அது. பகலெல்லாம் தின்ற வெயிலைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள்ளே ஏப்பமாக விட ஆரம்பிக்கும். படுக்கையறை ஜன்னலில் வெள்ளித்தாள் ஒட்டிப் பார்த்தாள், ஈரத் துணி தொங்கவிட்டுப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் குழந்தையோடு உட்கார்ந்தும் பார்த்துவிட்டாள். தண்ணீர்தான் சூடாயிற்று.

ஊரின் பெயர் எலிசபெத். அடிலெய்டுக்கு வடக்கே, கோதுமை விளைந்த பொட்டலில் வீதி போட்டு, மகாராணியின் பெயரைச் சூட்டி, இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ராணி பெயரை வைத்துவிட்டால் ராணி ஊர்த் தூறலும் கூடவே வந்துவிடுமா? பெயர் மட்டும்தான் வந்தது.

மேவிஸ் இங்கிலாந்தில் டெர்பி நகரத்துக்காரி. பதினைந்து வயதில் காலுறை ஆலைக்குப் போனவள். கால்விரல் பக்கத்து வாயைத் தைத்து மூடுவது அவள் வேலை. சிரில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் சிரில் ஒரு விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதில் ஒரு பெண் ஆரஞ்சு மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஈ இல்லை. மேவிஸுக்குப் போக ஆசையும் இல்லை, மறுக்கத் தைரியமும் இல்லை. இரண்டு வருஷம் இருந்தே தீர வேண்டும், அதற்குப் பிறகு பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்றார்கள். இரண்டு வருஷம்தானே என்று கப்பலேறிவிட்டாள்.

இறங்கியது ஜூன் மாதம், குளிர்காலம். ஊர் இதமாகத்தான் இருந்தது. வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுநாளே சிரில் தோட்டம் போடக் கிளம்பினான். ராணுவத்தில் இருந்தபோது கொடுத்த திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தான். தெற்கு வேலியோரம் நின்று, பூட்ஸ் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான்.

"இங்கதான் வெக்கணும்."

"ஏன் இங்க?" என்றாள் மேவிஸ்.

"தெக்குப் பக்கந்தான் வெயிலு. எங்கப்பா வீட்டுல தெக்குல ஆப்பிள் மரம் நின்னுச்சு, ஞாபகம் இல்லையா? தெக்கை மூடிட்டா வீடு குளுகுளுன்னு ஆயிடும். கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

டெர்பியில் கைப்பிள்ளைக்குத் தெரிந்தது சரிதான். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்துதான் போவான். திசைகாட்டியும் பொய் சொல்லவில்லை, தெற்கு தெற்கில்தான் இருந்தது. ஆனால் உலக உருண்டையில் பாதி தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் சூரியன் வடக்கே போய்விடுவான். மத்தியானம் எல்லா நிழலும் தெற்கு நோக்கி விழும். தெற்கு வேலியோரம் மரம் வைத்தால் நிழல் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டில் போய் விழும். கப்பலில் ஆறு வாரம் வந்தவர்களுக்கு நடனம் சொல்லிக் கொடுத்தார்கள், பிங்கோ ஆடக் கற்றுக் கொடுத்தார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை. சிரில் மாதிரி அந்தத் தெருவில் நாலு பேர் தெற்கே மரம் வைத்தார்கள்.

மேவிஸுக்கு வடக்கு தெற்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. அவளுக்குச் சமையலறைப் பக்கம், வேலிப் பக்கம், தெருப் பக்கம் என்றுதான் கணக்கு. பெருமூச்சு விட்டுவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அந்த மண் சும்மா மண் இல்லை. வெயில் காலத்தில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழைக் காலத்தில் பூட்ஸை உருவிக்கொள்ளும். கரிசல். அதற்கடியில் கல்லாய்ப் போன களிமண். கடப்பாரை போட்டால் மணி அடித்தது போல் சத்தம் வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை தோண்டி இடுப்பளவு குழி எடுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அதில் இங்கிலாந்து ஞாபகமாக இரண்டு வெள்ளி பிர்ச் கன்றுகளை வைத்தான். வெள்ளைத் தண்டும் சின்ன இலையுமாகப் பார்க்க லட்சணமாக இருந்தன. ஜனவரியில் வடக்கிலிருந்து ஒரு காற்று மூன்று நாள் வீசியது. பாலைவனத்திலிருந்து நேராக வருகிற காற்று அது. நாலாம் நாள் இரண்டு கன்றும் கருவாடாகிக் கிடந்தன.

அதே ஜனவரியில்தான் ஜில் பிறந்தாள். பிரசவ வார்டில் மின்விசிறி ஒன்று, கட்டில் எட்டு. நர்ஸ் வந்து, "எப்படிம்மா இருக்கு எங்க ஊரு வெயிலு?" என்று கேட்டபோது மேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமையா இருக்கு" என்றாள்.

அப்படிச் சொல்ல வைத்தவன் சிரில். கார் ஆலையில் பெயின்ட் பிரிவில் சேர்ந்த முதல் நாளே அவன் காதில் விழுந்த வாக்கியம் இது: "கப்பல் சங்கு ஓஞ்சாலும் இங்கிலீஷ்காரன் ஒப்பாரி ஓயாது." அந்த நாட்டில் இங்கிலீஷ்காரனுக்கு அடைமொழியே புலம்பல்தான். வெயில் என்றாலும் புலம்புகிறான், ஈ என்றாலும் புலம்புகிறான், பீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று அதற்கும் புலம்புகிறான் என்பது உள்ளூர்க்காரர்கள் கட்சி. சிரில் ரோஷக்காரன். வீட்டுக்கு வந்ததும் உத்தரவு போட்டான்.

"இந்த வீட்டுலேர்ந்து ஒரு முனகல் வெளிய போகக் கூடாது, மேவிஸ். யார் கேட்டாலும் அருமைன்னு சொல்லு. நம்மளப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

அவளும் சொன்னாள். கறிக்கடையில் சொன்னாள், பஸ் நிறுத்தத்தில் சொன்னாள். தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தெல்மாவிடமும் சொன்னாள். தெல்மா அந்த வட்டாரத்துக் கோதுமைக் காட்டில் பிறந்து வளர்ந்தவள், கணவன் கெவ் ரொட்டி வண்டி ஓட்டுபவன். வந்த புதிதில் அவள் தகர வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வெந்து சாகுறோமே, நீ எப்படிம்மா தாங்குற?" என்று கேட்டாள். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் மேவிஸ். தெல்மாவின் புருவம் ஏறியது. அப்புறம் அந்தத் தலை அடிக்கடி தெரியவில்லை.

வாயை மூடி வைத்தால் மனசும் மூடிக்கொள்ளுமா? முதல் கோடை முடிந்ததும் மேவிஸ் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"ரெண்டு வருஷம் முடிஞ்ச மறுநாள் நான் கப்பலேறிடுவேன், சிரில். பிள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சிரிலுக்குத் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வெயில்தான உனக்குப் பிரச்சனை? மரம் வளரட்டும். வீட்டு மேல நிழல் விழட்டும். விழுந்த பிறகும் உனக்கு முடியலைன்னா, நானே உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எத்தனை நாள்ல வளரும்?"

"சீக்கிரமா வளர்ற மரமாப் பாத்து வெக்கிறேன்."

நர்சரிக்காரன் கொடுத்தது வெள்ளை சிடார் கன்று. பெயர்தான் சிடார், நம் வேம்புக்குப் பங்காளி. வறட்சி தாங்கும், விறுவிறுவென்று போகும், குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும். நல்ல மரம்தான், குற்றம் சொல்ல முடியாது. சிரில் அதைக் கொண்டுபோய் பிர்ச் செத்த அதே குழியில் வைத்தான். தோல் உரியத் தோண்டிய குழியை விட்டுவிட்டு இன்னொன்று தோண்ட யாருக்கு மனசு வரும்?

மேவிஸ் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

மழை பொய்த்த வருஷங்கள் அவை. குழாய் வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது, வாளியில்தான் ஊற்றலாம் என்று நகரசபை சொல்லிவிட்டது. துணி அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து, பின்கதவைக் காலால் தள்ளித் திறந்து, வெந்த புல்லில் வெறுங்காலோடு ஓடி ஊற்றுவாள். குழந்தை குளித்த தண்ணீர், உருளைக்கிழங்கு கழுவிய தண்ணீர் எல்லாம் மரத்துக்குத்தான். இலையைக் கம்பளிப்புழு மொட்டை அடிக்க வந்தபோது அடிமரத்தில் கோணியைச் சுற்றிக் கட்டினாள். பகலில் புழுவெல்லாம் கோணிக்குள் வந்து ஒண்டும். தினமும் காலையில் கோணியை அவிழ்த்துக் கொதிக்கிற தண்ணீரில் முக்குவாள். கையெல்லாம் தடித்து அரிக்கும். மூன்றாவது வருஷம் இடுப்பில் ஒரு வலி வந்து குடியேறியது. டாக்டர் கனமானது எதையும் தூக்காதே என்றார். மேவிஸ் வாளியைப் பாதி நிரப்பி இரண்டு நடையாக நடந்தாள்.

இரண்டு வருஷக் கெடு வந்தது, போனது. மரம் அவள் தோளுக்கு மேலே நின்றது. நிழல் ஒரு குடை அளவுதான் இருந்தது.

"வீட்டு மேல எங்க விழுது?" என்பாள்.

"வளரட்டும். சின்ன மரத்துக்குச் சின்ன நிழல். வளந்தா கூரை மேலேயே விழும்" என்பான் சிரில். சொல்லும்போது அவளைப் பார்க்க மாட்டான், பூட்ஸ் கயிற்றைப் பார்ப்பான். களைத்துப்போயிருக்கிறான் பாவம் என்று மேவிஸ் நினைத்துக்கொள்வாள். பெயின்ட் பிரிவில் அடுப்பு மாதிரி காந்தும் அறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவனிடம் வீட்டுச் சூட்டைப் பற்றி எத்தனை தடவை பேச முடியும்?

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அவளுக்கு வெயிலின் அருமைதான் வருஷா வருஷம் தெரிந்துகொண்டே போனது. ஜில்லுக்கு ஆறு வயதாயிற்று. பள்ளிக்கூடத்தில் அவளும் அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி மூக்கால் பேசக் கற்றுக்கொண்டாள். டெர்பியிலிருந்து வரும் கடிதங்கள் மாதம் ஒன்றிலிருந்து வருஷம் ஒன்றாகக் குறைந்தன. மேவிஸ் தலையில் நரை தெரிந்தது. மரம் மட்டும் கூரையைத் தாண்டிக் கிளை விரித்து நின்றது. ஊதாப் பூ கூடப் பூத்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெயில் நூற்றுப்பத்து டிகிரியைத் தொட்டுவிட்டது என்று ரேடியோ சந்தோஷமாகச் சொன்னது. ஜில் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். சிரில் கொட்டகைக்குள் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். உச்சி வேளையில் மேவிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீரை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவளுக்குக் கண் இருட்டியது. நிழலில் உட்காரலாம் என்று பார்த்தாள். இவ்வளவு பெரிய மரத்துக்கு, அடியில் ஒரு முக்காலி போடத்தான் நிழல் இருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூரைத் தகடு வெயிலில் மின்னியது. அதன்மேல் ஒரு இலையின் நிழல்கூட இல்லை.

அப்படியானால் மீதி நிழல் எங்கே போயிற்று?

வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒரு சொர்க்கம் இருந்தது. அந்த வீட்டுப் புறக்கடை முழுக்கப் பச்சையாக, அடர்த்தியாக நிழல் விழுந்து கிடந்தது. கெவ் பனியனோடு கான்வாஸ் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கினான். கட்டிலுக்கடியில் நாய். கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தெல்மா, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டியில் காலை விட்டுக்கொண்டு, மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா மேவிஸ், வாளி மேல ஏறியா நிக்கிற? விழுந்து தொலைக்காத."

"தெல்மா... இந்த நிழல்..."

"ஆமாம்மா, உன் புண்ணியம்! இதுக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். உன் மரம் இல்லைன்னா இந்த ஆளு போன வருஷமே பொசுங்கியிருப்பாரு."

"இது எங்க வீட்டு மேலதான விழணும்?"

தெல்மாவின் கை பட்டாணியில் நின்றது. "உங்க வீட்டு மேலயா? அது எப்படிம்மா விழும்? சூரியன் அந்தப் பக்கம் நிக்கிது. இந்த ஜென்மத்துல விழாது."

மேவிஸ் வானத்தைப் பார்த்தாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்கு அந்தப் பக்கம், சமையலறைக்கு மேலே நின்றான். இத்தனை வருஷமும் அங்கேதான் நின்றிருக்கிறான். சமையலறை ஏன் அப்படிக் காய்ந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் காலடியைப் பார்த்தாள். அவள் நிழலும் வாளியின் நிழலும் வேலியைப் பார்த்துத்தான் கிடந்தன.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் தெல்மா. "கெவ்! எந்திரிங்க. இவளுக்கு விஷயமே தெரியாதாம்."

கெவ் ஒரு கண்ணைத் திறந்தான். "எது, மரமா? நான்தான் சொன்னேனே. நட்ட மறு வருஷமே உன் புருஷன்கிட்ட சொன்னேன், மேவிஸ். ரொட்டி குடுக்க வந்தப்ப. 'மாப்ள, தப்பான பக்கம் வெச்சிட்டே, கன்னு சின்னதா இருக்கறப்பவே தோண்டி மேற்கால வெச்சிடு, பொழைச்சுக்கும்'னு. 'தெரியும் கெவ், தெரியும். வீட்டுல மட்டும் சொல்லிடாத'ன்னான். எனக்கென்ன? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை கேட்டிருக்கிறோம். இந்த மனுஷன் முழு மரத்தையே மறைத்திருக்கிறான்.

"நீ வாளி வாளியா ஊத்துறதப் பாத்தா எங்களுக்காகவே ஊத்துற மாதிரி இருக்கும்" என்றாள் தெல்மா. "கர்வம் புடிச்சவதான், ஆனா மனசு தங்கம்னு இவர்கிட்ட சொல்லுவேன்."

"கர்வமா? எனக்கா?"

"பின்ன என்னம்மா? நாங்க இங்கயே பொறந்தவங்க. நாங்களே நாக்கு தள்ளிப்போய்க் கிடக்கோம். நீ மட்டும் அருமையா இருக்கு, ஆனந்தமா இருக்குங்கற. இவகிட்ட நாம என்னத்தப் பேசறதுன்னு விட்டுட்டேன்."

மேவிஸ் வாளிமேல் நின்றபடி, உச்சி வெயிலில், தகர வேலி கையைச் சுடுவதுகூடத் தெரியாமல் உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தாள். இந்த வெயில் எனக்கு வேண்டாம், இந்த ஈ வேண்டாம் என்றாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அடுப்பு மூட்டிக் கறி வதக்கி மயக்கம் போட்டு விழுந்ததைச் சொன்னாள். பிரசவ வலியில் நர்ஸிடம் வெயிலைப் புகழ்ந்ததைச் சொன்னாள். சுவர் சுடுவதைச் சொன்னாள், இடுப்பு வலியைச் சொன்னாள். எனக்கு இங்கே ஒரு சிநேகிதிகூட இல்லை என்று அழுதாள்.

தெல்மா தொட்டியிலிருந்து காலை எடுத்து எழுந்தாள். "கெவ், சுத்தியல எடுத்துக்கிட்டு வாங்க. அந்தத் தகரத்துல ஒண்ணப் பிடுங்குங்க. இவ அங்க நின்னு வெந்துக்கிட்டிருக்கா."

ஒரு தகரம் பெயர்ந்தது. மேவிஸ் குனிந்து அந்தப் பக்கம் போனாள். தெல்மா தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, அவள் காலைத் தூக்கித் தொட்டியில் விட்டாள். தான் வளர்த்த மரத்தின் நிழலில் மேவிஸ் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தகரம் பிடுங்கிய சத்தத்தில் சிரில் கொட்டகையிலிருந்து வந்தான். ஓட்டை வழியாகப் பார்த்தான். மேவிஸ் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். தெல்மா பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கெவ்வின் பனியனைப் பிடித்து இழுத்தபடி உள்ளே போனாள். நாய் மட்டும் இருந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள் மேவிஸ்.

"ரெண்டாவது வருஷம். கெவ் சொல்றதுக்கு முன்னாடியே. ஒரு ஞாயித்துக்கிழமை தோட்டத்துல நின்னப்ப என் நிழலப் பாத்தேன்." அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "அப்போதான் தெரிஞ்சது."

"நான் தண்ணி ஊத்துறதப் பாத்துக்கிட்டுதான இருந்தே?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"இடுப்பு போச்சே, அப்பவும்?"

"அப்பவும்தான்."

"ஏன் சிரில்?"

கோழி ஒன்று அவன் பூட்ஸைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"நிழல் விழுந்தப்புறம் முடிவு பண்ணிக்கோன்னு நானே வாய விட்டேன். நிழல் விழவே விழாதுன்னு சொன்னா, அன்னிக்கே போயிருப்பே. மரம் வளருதுன்னு சொல்ற வரைக்கும் நீ இருப்பே. ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னு தள்ளிட்டேன்." அவன் குனிந்து நாயைப் பார்த்தான். "நீ போயிட்டா எனக்கு இங்க யாரு மேவிஸ் இருக்கா? எனக்கு மட்டும் இந்த வெயில் பிடிச்சிருக்கா? நீ புலம்ப ஆரம்பிச்சா நானும் ஆரம்பிச்சிடுவேன். அப்புறம் நிறுத்த முடியாதுன்னு பயம். அதான் உன் வாய அடைச்சேன்."

மேவிஸ் காலைத் தொட்டியில் அளைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து அடிக்கத்தான் முடியவில்லை.

"போயிடலாம்" என்றான் சிரில். "திங்கக்கிழமை கப்பல் ஆபீஸ்ல போய்ப் பேர் குடுத்துடறேன். சொன்ன சொல்லுல இப்பவாவது நிக்கிறேன்."

அவள் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையிலும் கேட்டான், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், துணிக் கொடியைத் தாங்கும் நீளக் கழியைப் பிடுங்கி, அதன் தலையில் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு, வீட்டின் மேற்குப் பக்கமாக நடந்தாள். கழியை நட்டு, விரிப்பின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். பிடுங்கி இரண்டடி நகர்த்துவாள். தெருவில் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, சமாதானக் கொடியா?" என்று கேட்டார்.

"வெயில் தாங்கல. நிழல் தேடறேன்" என்றாள் மேவிஸ்.

"அடேயப்பா, இங்கிலீஷ்காரம்மாவும் புலம்ப ஆரம்பிச்சாச்சு!" என்று சிரித்துவிட்டு, "எனக்கும்தான் தாங்கல" என்று சொல்லிப் போனார். ஊர் இடிந்து விழவில்லை.

சுவர் அதிகம் சுடுகிற நாலு மணிக்கு, விரிப்பின் நிழல் படுக்கையறை ஜன்னலை மூடும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை ரொட்டி வண்டியில் தெல்மாவோடு நர்சரிக்குப் போனாள். சிரில் போன தடவை கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு சீக்கிரம் வளரும் என்பது. மேவிஸ் அங்கே ஒரு மூட்டை உரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டாள். குளிர்காலத்தில் இலை கொட்டுமா? கொட்டாவிட்டால் வீடு ஆறு மாதம் இருட்டாகக் கிடக்குமே. வேர் எவ்வளவு தூரம் ஓடும்? பாப்லர் வேர் சாக்கடைக் குழாயை உடைத்து ஒரு குடும்பமே வீட்டைக் காலி பண்ணியதை அவள் அதே தெருவில் பார்த்திருக்கிறாள். யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம், காற்றே இல்லாத கொதிக்கிற மத்தியானத்தில் திடீரென்று கிளையை முறித்துப் போடும். என்ன புழு வரும்? வந்தால் யார் பொறுக்குவது?

நர்சரிக்காரன் குர்ராஜோங் நல்லது என்றான். நூறு வருஷம் நிற்குமாம்.

"எனக்கு நூறு வருஷம் வேண்டாம். என் காலத்துக்குள்ள ஒரு மத்தியானம் கெடச்சாப் போதும்" என்றாள் மேவிஸ்.

"மல்பெரி வைம்மா" என்றாள் தெல்மா. "பழம் கொட்டித் துணியெல்லாம் கறையாகும், காக்கா குருவி எல்லாம் வந்து எச்சம் போடும். ஆனா நிழல் கட்டியா விழும். அஞ்சாறு வருஷத்துல சுவத்த மூடிடும்."

அஞ்சாறு வருஷம். அந்தக் கணக்கைக் கேட்டதும் மேவிஸுக்கு உடம்பெல்லாம் அயர்ந்து வந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மல்பெரிக்கே சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சிரில் கையில் கடப்பாரையைக் கொடுத்தாள்.

"மழை பேஞ்சு மண்ணு இளகட்டுமே" என்றான் அவன். "கன்னு வெக்கிறது ஜூன்லதான?"

"அன்னிக்கு ஜூலையிலயும் கல்லாத்தான் இருந்தது. தோண்டு."

தோண்டினான். மேற்குச் சுவரோரம், மத்தியானம் மூன்று மணி வெயிலில். மேவிஸ் ஜன்னலுக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் வெயிலில்தான் இருந்தாள். தெல்மா வீட்டுக்கு வந்து உட்கார் என்று கூப்பிட்டும் போகவில்லை. இவன் வேர்ப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அவன் கழுத்து ஒல்லியாகிவிட்டிருந்தது, பனியனுக்குள் தோள் எலும்பு தெரிந்தது. இரண்டு போடு போட்டதும் பெயின்ட் புகையில் வந்த இருமல் அவனை நிறுத்த வைத்தது. ஒட்டடைக் குச்சியைப் போல் மெலிந்த இந்த ஆள்தானா அந்த விளம்பரத் தாளை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றவன்?

முழங்கால் அளவு குழி ஆனது. சிரில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"மேவிஸ், கப்பல் ஆபீஸுக்கு நான் போகணுமா வேண்டாமா? நீ ஒண்ணும் சொல்லல."

அவள் காலடியில் தெறித்து விழுந்த மண்கட்டியைப் பொறுக்கிக் குழியோரம் போட்டாள்.

"இது வளர்ற வரைக்கும் இருப்பியா?"

மேவிஸ் அவனையே பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டில் பொய் போதுமான அளவு ஆகிவிட்டது.

"இருப்பேன்" என்றாள். "இந்த மரத்துக்காகன்னு நெனச்சுக்காத, உனக்காகன்னும் நெனச்சுக்காத. திரும்பிப் போறதுக்கும் ஒரு தெம்பு வேணும், சிரில். எங்கிட்ட இருந்ததையெல்லாம் அந்த மரத்துக்கே ஊத்திட்டேன்."

சிரில் குழிக்குள் அப்படியே நின்றான். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடப்பாரையைத் தூக்கினான்.